நான்காம் நாள் மேசை

இந்த ஜூன் மாதம் எனக்கு வேலை இல்லை. காலை பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறேன். "எங்கயாச்சும் போயிட்டுத்தான் வாங்களே" என்று என் மனைவி இதுவரை மூன்று முறை சொல்லிவிட்டாள். பணியின் கடைசி ஏழெட்டு ஆண்டுகளில் ஜூன் என்றால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. நீட் முடிவு வந்ததும், சீட் கிடைக்காத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் நாமக்கல்லுக்கு வருவார்கள். மறுபடி ஒரு வருடம் படிக்க வைக்கலாமா, இத்தோடு விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கென்று எங்கள் பயிற்சிப் பள்ளியில் ஒரு மேசை இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவன் நான்.

இப்போது அந்த மேசையில் ரமேஷ் என்கிற இளைய ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் போன் செய்தார். "சார், இப்ப ஆப் வந்துருச்சுங்க. மார்க்கு, கம்யூனிட்டி ரெண்டையும் போட்டா அடுத்த வருஷம் எத்தனை சதவீதம் சான்ஸுன்னு காட்டிருது. ஆனா பேரண்ட்ஸ் அதைப் பார்த்துப்போட்டு, அப்புறமும் என் மூஞ்சியவே பார்க்கறாங்க. நீங்க என்னதானுங்க சார் சொல்லுவீங்க?"

நன்றாகத்தான் கேட்டார். போனில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

என்னைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. புதுச்சத்திரத்துக்காரன். தாவரவியலில் முதுகலை, பிறகு பி.எட். விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நீண்ட காலம் பாடம் எடுத்தேன். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ இடம் கொடுத்த காலம் அது. வரிக்கு வரி மனப்பாடம் செய்யவைப்பதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை. நீட் வந்தது, எங்கள் பிழைப்பு தலைகீழானது. பள்ளி நிர்வாகம் பக்கத்துக் கட்டடத்தில் ரிப்பீட்டர் பேட்ச் தொடங்கியது. ஏற்கெனவே ஒருமுறை எழுதித் தவறவிட்ட பிள்ளைகள் ஒரு வருடம் தங்கி மறுபடி படிக்கும் வகுப்பு. என்னை அங்கே மாற்றினார்கள்.

அதற்குத் தலைமை ஒரு வேதியியல் அம்மா. அவரை எல்லாரும் மேடம் என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே சொல்கிறேன். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாம் சொல்வது அவருக்கு ஒப்பவில்லை என்றால் கையிலிருக்கும் பேனாவின் மூடியை மெதுவாக மூடுவார். அவ்வளவுதான். பிள்ளைகளை ஒருபோதும் 'நீ' என்று சொல்லமாட்டார். "வாங்க சாமி, உக்காருங்க. பஸ்ஸுலயா வந்தீங்க?" என்றுதான் தொடங்குவார். வெயிலில் வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் மோர். மோர் குடித்து முடிக்கும்வரை மார்க்கைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

மேடம் வைத்த முதல் சட்டம், முடிவு வந்த மூன்று நாளைக்கு யாரையும் சேர்க்கக் கூடாது என்பது. மற்ற இடங்களிலிருந்து அன்று சாயங்காலமே பெற்றோருக்கு போன் போகும். எங்கள் தாளாளருக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம். "மேடம், பக்கத்துல எல்லாம் பாதி பேட்ச் ரொம்பிருச்சுங்க" என்று புலம்புவார். "மூணு நாள் அழுதுக்கட்டுங்க. அழுகறப்ப எடுக்கற முடிவுக்கு நாம பீஸ் வாங்கக் கூடாது" என்பார் மேடம். நான்காம் நாள் காலை கதவு திறக்கும். அதனால்தான் அதற்கு நான்காம் நாள் மேசை என்று பெயர்.

இரண்டாவது சட்டம், மேசைக்கு முன்னால் மூன்றே நாற்காலி. பிள்ளை, அப்பா, அம்மா. கூட வருகிற மாமா, பெரியப்பா, ஊர்த் தலைவர், பக்கத்து வீட்டு வாத்தியார் எல்லாரும் வராந்தா. பிள்ளையைக் கேட்ட கேள்விக்கு அப்பா பதில் சொன்னால், அதே கேள்வியைப் பிள்ளையிடம் மறுபடி கேட்பேன். அப்பாவே மறுபடி சொன்னால் மூன்றாவது முறையும் கேட்பேன். பொதுவாக மூன்றாவது முறையில் அப்பாவுக்குப் புரிந்துவிடும்.

மூன்றாவது விஷயம் என்னுடையது. நானே யோசித்து உண்டாக்கியது. அதனால் அதன்மேல் எனக்கு ரொம்பப் பெருமை. தவறவிட்ட அதே வினாத்தாளைப் பிள்ளை கையில் கொடுத்து, தனி அறையில் உட்காரவைத்து, திரும்பப் போடச் சொல்வேன். அப்பா அம்மாவைச் சாப்பிட அனுப்பிவிடுவேன். பிறகு, இணையத்தில் வெளியாகும் அவர்களுடைய விடைத்தாள் நகலை வைத்து, தேர்வில் என்ன குறித்தார்கள், இன்று என்ன குறித்தார்கள் என்று ஒப்பிட்டு மூன்று கட்டம் போடுவேன். அன்றும் தப்பு, இன்றும் தப்பு என்றால் பாடம் தெரியாது. அன்று தப்பு, இன்று சரி என்றால் பாடம் தெரியும், தேர்வு அறையில் பயத்திலோ அவசரத்திலோ கோட்டைவிட்டது. அன்று சரி, இன்று தப்பு என்றால் குருட்டாம்போக்கில் விழுந்த மார்க்கு. நடுக்கட்டம் பெரிதாக இருக்கிற பிள்ளைக்கு இன்னொரு வருடம் உதவும். முதல் கட்டம் பெரிதாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

விடைதான் உடனே வெளியாகிவிடுகிறதே, பார்த்து வைத்திருக்க மாட்டார்களா என்று ரமேஷ் கேட்கலாம். தோற்ற வினாத்தாளைத் திரும்பத் தொடுகிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டு வருவார்கள். எங்கள் அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இந்த முறை நன்றாகவே வேலை செய்தது. தம்மம்பட்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். நடுக்கட்டம் முழுக்க வேதியியல். தேர்வில் எதை முதலில் போட்டாய் என்று கேட்டேன். இயற்பியல் என்றான். அதில் மாட்டிக்கொண்டு நேரம் போய், வேதியியலை ஓட்டமாக ஓடியிருக்கிறான். ஒரு வருடம் வரிசையை மாற்றிப் பழக்கினோம். அடுத்த ஆண்டு இடம் கிடைத்தது. அவன் அப்பா ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கோடு வந்து நின்றார். ஆசிரியர் அறை முழுக்க ஒரு வாரம் கிழங்கு வாசம்.

வாழப்பாடியிலிருந்து வந்த இன்னொருவன் அறையில் ஒரு மணி நேரம் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். மேடமே உள்ளே போனார். "ஏன் சாமி, போடலீங்களா?" அவன் தலையைக் குனிந்தபடி, "எனக்கு டாக்டருக்குப் படிக்கப் புடிக்கல மேடம். எங்கப்பாகிட்ட சொன்னா வீட்டுல ரகளை ஆயிடும்" என்றான். மேடம் வெளியே வந்தார். அந்த அப்பா கமிஷன் மண்டி வைத்திருப்பவர். குரலே மண்டிக் குரல். அவரிடம் மேடம், "மன்னிச்சுக்கோங்க, பேட்ச் புல்லாயிருச்சுங்க" என்றார். பாதி பெஞ்சு காலியாக இருந்தது. "வேற எடத்துல பார்க்கறனுங்க" என்று அவர் எழுந்தபோது, "எங்கயும் புல்லுதானுங்க. பையனுக்குப் புடிச்ச டிகிரில போட்டுருங்க, காலேஜு அட்மிஷனும் முடியப்போகுது" என்றார் மேடம், சற்றும் கூசாமல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாளாளர் காதுக்கு விஷயம் போனபோது என்ன ஆனது என்று எழுதவேண்டாம்.

இனி கோகிலவாணி.

ராசிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா துரைசாமி ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போடுகிற வண்டியோடு வடக்கே போனால் எட்டு மாதம், பத்து மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவார். அம்மா இல்லை. தன் பாட்டுக்குப் படித்த பெண். அந்த ஆண்டு பதினெட்டு மார்க்கில் அரசு இடம் தவறிவிட்டது. நான்காம் நாள் காலை, நான் கதவைத் திறக்கும்போதே அப்பாவும் மகளும் வாசலில் நின்றார்கள்.

தாளைக் கொடுத்தேன். மூன்று மணி நேரத் தாளை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தாள். திருத்தினேன். முதல் கட்டத்தில் நாலைந்து. மூன்றாம் கட்டம் காலி. மற்றதெல்லாம் நடுக்கட்டம். என் வாழ்நாளில் அப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லை. எல்லாமே தெரிந்த பிள்ளை, பயத்தில் தவறவிட்டிருக்கிறது! துள்ளிக்கொண்டு மேடத்திடம் போனேன். மேடம் தாளைப் புரட்டிப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார்.

"இவ்வளவு சீக்கிரமாவா போட்டாங்க?"

"கெட்டிக்காரப் பொண்ணுங்க மேடம். ஹால் பயம் ஒண்ணுதான்."

மேடம் பேனா மூடியை மூடினார். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றேன். "உங்க கட்டம், உங்களுக்குத்தான் தெரியும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து துரைசாமியிடம் சொன்னேன். "ஒரே வருஷம். கண்ண மூடிட்டு விட்டுட்டுப் போங்க." இந்த வார்த்தைகள் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. வேறு யாரிடமும் நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கல்லுப்பொடி ஏறிக் காய்த்த கை. "அப்படிங்களா சார், அப்படிங்களா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வண்டியோடு கிளம்பிவிட்டார்.

அந்த வருடம் வாரத் தேர்வுகளில் கோகிலவாணிக்கு உயிரியல் அருமையாக வந்தது. வேதியியல் பரவாயில்லை. இயற்பியல் மட்டும் சேர்ந்தபோது எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. ஆகஸ்டில், புது இடம், பழகவில்லை என்றேன். நவம்பரில் அவளுக்கு அம்மை போட்டிருந்தது, அதனால் என்றேன். பிப்ரவரியில் இயற்பியல் ஆசிரியர் என்னிடம் நேராகவே சொன்னார்: "சார், அந்தப் பொண்ணுக்குக் கணக்கு ஏறலீங்க. பார்முலா தெரியுது, எதை எங்க போடறதுன்னு தெரியல." நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்றுகூடச் சொல்லிவிட்டேன். பாவம், நல்ல மனிதர். என் மூன்று கட்டம் தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு கர்வம்.

முடிவு வந்தது. போன ஆண்டைவிட இரண்டு மார்க்கு கூட. இடத்துக்கு வேண்டிய மார்க்கோ இன்னும் மேலே போய்விட்டது.

நான்காம் நாள் காலை அப்பாவும் மகளும் மறுபடி வந்தார்கள். துரைசாமி இதற்காகவே ரயில் பிடித்து வந்திருந்தார். மேடம் மோர் கொடுத்தார், ஊரை விசாரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க சார்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் பழைய வழக்கப்படி தாளைக் கொடுத்து அறைக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது, வெளியே வந்துவிட்டாள்.

"சார், வேற பேப்பர் குடுங்க."

"ஏம்மா?"

"இதை ஆன்சர் கீ வந்ததுலயிருந்து எட்டு வாட்டி போட்டுட்டனுங்க. கேள்வியப் படிக்கறதுக்கு முன்னாலயே கை தானாப் போயி குறிக்குது."

தாளைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டேன். "போன வருஷப் பேப்பரு?"

"அது இங்க சேர்றதுக்கு முன்னாலயே இருவது வாட்டிக்கு மேல இருக்குங்க சார். கணக்கு வெக்கல."

"எதுக்கும்மா அத்தன வாட்டி?"

"ஆன்சர் கீ வந்தப்பவே பதினெட்டு மார்க்குல போயிரும்னாங்க. அந்தப் பதினெட்டு எங்க போச்சுன்னு தேடிட்டே இருந்தனுங்க. தெனமும் காலைல எந்திரிச்சு மொதல்ல அதத்தான் போடுவேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலீங்களே சார்" என்றாள். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரி.

கேட்கவில்லைதான். சாப்பிட்டாயா, தூங்கினாயா, எதை முதலில் போட்டாய் என்று ஆயிரம் கேட்டவன், இந்தத் தாளை எத்தனை முறை போட்டாய் என்று கேட்கவில்லை. ஒரு பிள்ளை தோற்ற தாளைத் தினமும் எடுத்துப் பார்க்கும் என்று என் புத்தியில் ஏறவே இல்லை. ரமேஷ், முதலில் அதைக் கேளுங்கள். அடுத்த ஜூனிலிருந்து பிள்ளை மோர் டம்ளரைக் கீழே வைத்ததுமே அதைத்தான் கேட்டேன். கேட்ட பிறகு, அவர்கள் பார்க்காத தாளைத்தான் கொடுத்தேன்.

அன்று அலமாரியைத் திறந்து, நாங்கள் தயாரித்து இதுவரை யாருக்கும் கொடுக்காத ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். முழு மூன்று மணி நேரம் உட்கார்ந்து போட்டாள். உயிரியலில் அநேகமாக முழுசும் சரி. இயற்பியலில் பாதிக்கு மேல் தொடவில்லை. தொட்டதிலும் பாதி தப்பு. இரண்டு வருடமும் இருந்தது இதுதான். பதினெட்டு மார்க்கு எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. அவள் வீட்டிலும் இல்லை, தேர்வு அறையிலும் இல்லை. போன ஜூனிலேயே இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் அரைநாளில் தெரிந்திருக்கும்.

மூவரும் உட்கார்ந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை. "போன வருஷம் நான் சொன்னது தப்புங்க. நான் சரியாப் பார்க்கல. உங்க பொண்ணுக்கு ஹால் பயமில்ல. இயற்பியல் வரல. ஒரு வருஷம் இங்க இருந்தும் வரல. இன்னொரு வருஷத்துல வருமான்னா, வரும்னு சொல்ல எங்கிட்ட ஒரு ஆதாரமும் இல்லீங்க."

துரைசாமி கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேசையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஏனுங்க சார், நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வண்டில எண்ணூறு அடி ஓட்டியும் புழுதிதான் பறக்குதுன்னு வெச்சுக்குங்க. தோட்டக்காரரு எங்கிட்ட வந்து, இன்னும் நூறு அடி போலாமாம்பாரு. நாங்க போலாம்னுதான் சொல்லுவோம். அடிக்கு இவ்வளவுன்னுதான எங்களுக்குக் கூலி. போதும் நிறுத்துங்கன்னு சொன்ன டிரில்லர நான் இதுவரைக்கும் பார்த்ததில்லீங்க. நானும் சொன்னதில்ல." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்களும் அப்படித்தான் சொன்னீங்களா சார்?"

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோபம் வந்தது. உடனே அழுகையும் வந்தது.

"எனக்குக் கமிஷன் கிடையாதுங்க" என்றேன். "ஆனா பேட்ச் ரொம்பினா எங்க நிர்வாகத்துக்குச் சந்தோசம், அதப் பார்த்து எனக்கும் சந்தோசம். அது இல்லேன்னு சொல்லமாட்டேன். உங்க பொண்ணு விசயத்துல அதுவும் இல்லீங்க. நான் கண்டுபுடிச்ச முறை, அது தப்பாவாதுன்னு ஒரு திமிரு. அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். என்னை மன்னித்தாரா இல்லையா தெரியாது. மகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சாமி. இன்னொரு வருஷம்னாலும் அப்பா ரெடி. தீவாளிக்கு ஊருக்கு வராம ஓட்டறேன். உன்னைய டாக்டராப் பார்க்கோணும்."

கோகிலவாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்கப்பா."

"பயந்துக்கிட்டுச் சொல்றியா?"

"இல்லீங்கப்பா. நர்சிங்குக்கு அப்ளிகேசன் போட்டிருக்கேன். பிளஸ் டூ மார்க்கு போதும். சர்ட்டிபிகேட்டு பார்க்க அடுத்த வாரம் கூப்புடறாங்க. ஒரிஜினல் எல்லாம் இங்க இருக்குது. அத வாங்கத்தான் வந்தேன்." அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து வேகமாகச் சொன்னாள். "நான் ஊட்டுலயே சொல்லியிருந்தா, பயந்துட்டேன், இன்னொருக்கா எழுதலாம்னு சொல்லுவீங்க. சாரு சொன்னாத்தான் நம்புவீங்க. அதான் சார் வாயால சொல்லட்டும்னு கூட்டியாந்தேன்."

துரைசாமி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த ஆள் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து அலுவலகத்துக்குப் போய், நானே பீரோவைத் திறந்து அவள் சான்றிதழ்களைத் தேடி எடுத்தேன். கிளார்க் எடுத்துத் தருவதாகச் சொன்னார், கொடுக்கவில்லை. திரும்பி வந்தபோது துரைசாமி பஸ் நேரம் பார்க்க வெளியே போயிருந்தார். அவள் மட்டும் நின்றிருந்தாள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள், பதிவேட்டில் தானே கையெழுத்துப் போட்டாள், உறையைப் பைக்குள் வைத்தாள்.

"தப்பா நெனைக்காதம்மா" என்றேன்.

"இல்லீங்க சார்." வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். "போன வருஷம் நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டனுங்க. வேற எடத்துல போயிச் சேர்ந்திருப்பேன்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நீங்க சொல்லியிருக்கோணுங்க சார்."